சாந்தோமும் சென்னப்பட்டணமும்: மூன்று கல் தொலைவில் இரண்டு நகரங்கள்

நமது பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டிலும், திருமணச் சான்றிதழிலும், பேராயர் இல்லத்திலிருந்து வரும் சுற்றுமடல்களிலும் "சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம்" என்று அச்சிட்டிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். மயிலாப்பூர் சென்னைக்குள்தானே இருக்கிறது, பிறகு ஏன் இரண்டு பெயர் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து கேட்டால், நம்மில் பலர் பதில் சொல்லத் தடுமாறுவோம். ஜூபிலி மலருக்குப் பங்கின் வரலாற்றை மற்றவர்கள் எழுதியிருப்பதால், அதற்கும் முந்திய இந்தக் கதையைச் சொல்வது நமது பொறுப்பாக வந்து சேர்ந்தது. இது இரண்டு ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்த கதை. ஒன்று வளர மற்றொன்று தேய்ந்த கதை. அந்தப் போட்டியில் கோவில்களும் குருக்களும் எளிய விசுவாசிகளும் எப்படி இழுக்கப்பட்டார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

முதலில் பிறந்தது சாந்தோம். மயிலையில் புனித தோமையாரின் கல்லறை இருக்கிறது என்ற பழம் மரபைக் கேட்டுத்தான் போர்த்துக்கீசியர் அங்கு வந்தனர். 1523ஆம் ஆண்டளவில் இடிந்து கிடந்த கல்லறைக் கோவிலைப் பழுது பார்த்து எடுத்துக் கட்டினர். அதைச் சுற்றி வீடுகள், கிட்டங்கிகள், மடங்கள், கோவில்கள் என்று ஓர் ஊரே எழும்பியது. புனித சவேரியார் 1545ல் சில மாதங்கள் இங்கே தங்கி, அப்போஸ்தலரின் கல்லறையருகே ஜெபித்துத்தான் கீழ்த்திசைப் பயணத்துக்கு இறைவனின் சித்தத்தைத் தேடினார் என்பது நாம் அறிந்ததே. 1606ல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் இதைத் தனி மேற்றிராசனமாக உயர்த்தினார். முதல் மேற்றிராணியார் அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த செபஸ்தியான் தெ சான் பெத்ரோ.

ஊர் செழித்தது பக்தியால் மட்டுமல்ல, துணியால். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் சாயமிட்ட சீட்டித் துணிகளும் சாந்தோமிலிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் போயின. அங்கிருந்து வாசனைச் சரக்குகள் திரும்பி வந்தன. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடல்வழி போர்த்துக்கீசியர் கையில் இருக்க வேண்டும், மலாக்கா அவர்களிடம் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை 1641ல் உடைந்தது. மலாக்காவை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டனர். 1658ல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போயின. 1663ல் கொச்சி போயிற்று. சாந்தோமின் வீழ்ச்சிக்கு ஆங்கிலேயர்தான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பக்கத்து ஊர்க்காரன் தட்டிப் பறிப்பதற்கு முன்பே சாந்தோமின் வேர் தொலைவில் அறுந்து கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து ஊர் எப்படி வந்தது? ஆங்கிலக் கம்பெனிக்குத் துணி வாங்க ஓர் இடம் தேவைப்பட்டது. மசூலிப்பட்டணத்தில் தொல்லை, ஆர்மகானில் வியாபாரம் சரியில்லை. பிரான்சிஸ் டே என்ற அதிகாரி தெற்கே தேடி வந்தார். பழவேற்காட்டில் ஒல்லாந்தர், சாந்தோமில் போர்த்துக்கீசியர். இருவருக்கும் நடுவில் ஒரு மூன்றாவது துறை அமைவதை உள்நாட்டுத் தலைவர்களான தாமர்ல நாயக்கர்கள் விரும்பினர். 1639 ஆகஸ்டு 22ஆம் நாள் வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து அனுமதி கிடைத்தது. சுங்க வருமானத்தில் பாதி நாயக்கருக்கு என்பது உடன்பாடு. 1640 பிப்ரவரியில் ஆங்கிலேயர் வந்து இறங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினர். நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயரால் ஊர் சென்னப்பட்டணம் ஆயிற்று. சாந்தோமிலிருந்து தூரம் மூன்று கல்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். சென்னப்பட்டணத்துக்குச் சாந்தோமைவிட நல்ல துறைமுகம் எதுவும் வாய்த்துவிடவில்லை. இரண்டும் அலை மோதும் வெட்டவெளிக் கரைதான். கப்பல்கள் ஆழத்தில் நிற்க, மசூலாப் படகுகள்தான் ஆளையும் மூட்டையையும் கரை சேர்க்க வேண்டும். தண்ணீர், மண், காற்று எல்லாம் ஒன்றே. அப்படியிருந்தும் புது ஊர் வளர்ந்ததன் காரணம் என்ன? குடியேறி வருவோருக்கு முப்பது ஆண்டுகள் உண்ணும் உடுக்கும் பொருள்கள் மீது வரி கிடையாது என்று கம்பெனி பறை அறைவித்தது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தது. கோட்டையின் பீரங்கி நிழலில் பத்திரமும் கிடைத்தது. சில காலத்துக்குள் முந்நூறு நானூறு நெசவாளர், சாயக்காரர் குடும்பங்கள் வந்து தங்கியதாகக் கம்பெனிக் கடிதங்கள் கூறுகின்றன. அந்தக் குடும்பங்களின் பெயர்களை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சென்னையைக் கட்டியவர்கள் அவர்களே.

அடுத்து வந்தவர்கள் சாந்தோமின் மக்களே. 1635ல் கோவாவில் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் போர்நிறுத்த உடன்பாடு செய்துகொண்டிருந்தபடியால் இரண்டு ஊர்களுக்கும் இடையே வெளிப்படையான பகை இல்லை. கோட்டைக்குச் சிப்பாய்கள் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கணக்கர் வேண்டும். கடற்கரை முழுவதும் வியாபார மொழி போர்த்துக்கீசியமே. ஆகவே சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியரும், கலப்பினத்தவரும், அவர்களை அண்டி வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களும் குடும்பம் குடும்பமாக மூன்று கல் வடக்கே நடந்தனர். அவர்களுக்கு வீடு கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. பூசைக்கு யார்?

பிரச்சினையின் மூலம் இதுதான். பெகு நாட்டுக்குப் போகும் வழியில் 1642ல் எப்பிரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் சுவாமியார் சென்னப்பட்டணம் வந்தார். ஊரிலிருந்த கத்தோலிக்கர் அவரைப் போகவிடவில்லை. ஆங்கிலேயரும் தங்கச் சொன்னார்கள். போர்த்துக்கீசியக் குரு ஒருவர் வந்தால் அவர் சாந்தோமின் ஆளாக இருப்பார், பிரெஞ்சுக்காரர் என்றால் அந்தப் பயமில்லை என்பது கம்பெனியின் கணக்கு. கோட்டைக்குள் புனித பெலவேந்திரர் பெயரில் கோவில் எழுந்தது. உரோமையின் விசுவாசப் பரப்புதல் சபையாகிய புரோப்பகாந்தா அவருக்கு அதிகாரம் அளித்தது. அவர் தம் இல்லத்தில் சிறுவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த ஊரிலேயே உழைத்து மறைந்தார். பெகு அவரைக் கண்டதேயில்லை.

சாந்தோம் மேற்றிராசனத்தின் நிலையிலிருந்து இதைப் பார்ப்பதும் நியாயம். போர்த்துக்கல் அரசருக்குப் பாப்பரசர்கள் வழங்கிய பதுருவாதோ என்னும் புரவலர் உரிமையின்படி, இக்கரையில் கோவில் கட்டவும் குருக்களை நியமிக்கவும் உரியவர்கள் அவர்கள். நேற்றுவரை தம் பீடத்தருகே முழந்தாளிட்ட மக்கள் இன்று மூன்று கல் தொலைவில், தம் அனுமதியின்றி வந்த அந்நியக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். காணிக்கையும் அங்கே போகிறது. ஒரு கிளைக் கிராமம் தனிப் பங்காகப் பிரியும்போதே தாய்ப் பங்கில் எத்தனை முணுமுணுப்பு எழுகிறது என்பதை அறிந்த நமக்கு, சாந்தோம் குருக்களின் மனத்தாங்கல் விளங்காமல் போகாது. ஆனால் அவர்கள் கைக்கொண்ட வழியை நியாயப்படுத்த இயலாது. 1649ல் எப்பிரேம் சுவாமியாரை நயமாகச் சாந்தோமுக்கு வரவழைத்துக் கைது செய்து, கோவாவிலிருந்த திருமுறை விசாரணை மன்றத்துக்கு அனுப்பினர். விசுவாசத்துக்கு முரணாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. உண்மையான குற்றம் எல்லை தாண்டிய குற்றமே என்பது நமது எண்ணம்.

சென்னப்பட்டணம் கொதித்தது. பதிலுக்குச் சாந்தோம் தரப்பில் முக்கியமான ஒருவரைப் பிடித்து வைத்தனர். அவர் யார் என்பதில் ஏடுகள் ஒத்துப்போகவில்லை. கம்பெனி எழுத்துக்கள் ஒரு குருவைச் சொல்கின்றன. பிரெஞ்சுப் பயணி தவெர்னியேயோ, எப்பிரேம் சுவாமியாரின் தோழரான செனோன் சுவாமியாரே சாந்தோம் ஆளுநரைப் பதுங்கியிருந்து பிடித்தார் என்று சுவைபட எழுதுகிறார். கப்புச்சின் துறவி ஒருவர் ஆளுநரைத் தூக்கிக்கொண்டு போனார் என்பதை நம்புவதா வேண்டாமா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறோம். உரோமையிலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் நெருக்குதல் வரவே, ஏறத்தாழ இரண்டாண்டுச் சிறைக்குப் பிறகு சுவாமியார் விடுதலை பெற்றுத் தம் மக்களிடம் திரும்பினார்.

அதன்பின் சாந்தோமுக்கு இறங்குமுகமே. 1662ல் கோல்கொண்டா படை ஊரைப் பிடித்தது. 1672ல் தெ லா ஹே தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை வந்து பிடித்தது. கோல்கொண்டா தரைவழியும் ஒல்லாந்தர் கடல்வழியும் முற்றுகையிட, 1674ல் பிரெஞ்சுக்காரர் பட்டினியால் தளர்ந்து சரணடைந்தனர். அதே 1674 முதல் அவர்கள் புதுச்சேரியில் நிலைகொண்டார்கள் என்பது தனிக் கதை. சாந்தோமின் மதில்களைக் கோல்கொண்டா அரசு இடித்துத் தள்ளியது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் அதை விரும்பித் தூண்டியதும் மறைவான செய்தியல்ல. மூன்று கல் தொலைவில் மதில் சூழ்ந்த ஓர் ஊர் நாளை எவர் கையில் சிக்குமோ என்பது அவர்கள் கவலை. வீடிழந்தவர்கள் வழக்கம்போல் வடக்கே நடந்தனர். பிறகு போர்த்துக்கீசியர் சாந்தோமில் மீண்டும் குடியேறியபோது அது மதிலற்ற, செல்வமற்ற ஊர். மேற்றிராணியாரின் ஆசனம் மட்டும் அங்கே இருந்தது.

சென்னப்பட்டணமோ 1688ல் மாநகராட்சியாகி விட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் அமைத்த மாநகராட்சிகளில் பழமையானது இதுவே. அதன் ஆல்டர்மேன்களில் போர்த்துக்கீசிய வணிகரும் இடம்பெற்றனர். பணம் சாந்தோமை விட்டு எப்போதோ போய்விட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தப் போட்டியின் நடுவே ஒரு வணிகர் இரண்டு ஊர்களையும் சேர்க்கும் வேலையைச் செய்தார். ஆர்மீனியரான கோஜா பெத்ரூஸ் உஸ்கான் சென்னையில் பொருளீட்டியவர். தோமையார் மீது அளவற்ற பக்தியுள்ளவர். பரங்கிமலைக்குப் போகும் யாத்திரிகர்கள் அடையாற்றில் வெள்ளம் வந்தால் கரையில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1726ல் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டையில் பாலம் கட்டிக் கொடுத்தார். மலைக்கு ஏறும் படிகளையும் கட்டினார். இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில்தான் அது இருந்தது. அவர் நாட்டிய நினைவுக் கல்லை அருகில் பார்க்கலாம். வேப்பேரியில் ஒரு சிற்றாலயமும் அவர் கட்டினார். அதற்கு நேர்ந்த கதியை இனிச் சொல்ல வேண்டும்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749ல் உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்தனர். திரும்பி வந்த ஆங்கிலேயர் மனத்தில் ஒரே சந்தேகம்: கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்பது. நூறாண்டுக்கு மேலாகக் கம்பெனியே வேண்டி வைத்துக்கொண்ட பிரெஞ்சு கப்புச்சின்கள் ஒரே நாளில் எதிரிகளாகி விட்டனர். கோட்டைக்குள் இருந்த புனித பெலவேந்திரர் கோவில் பறிக்கப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. உஸ்கானின் வேப்பேரி ஆலயம் 1752ல் புரோட்டஸ்டாண்டு மிஷனரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று நிற்பது சி.எஸ்.ஐ. புனித மத்தியா ஆலயம். உஸ்கான் 1751ல் காலமானார். அவரது கல்லறை இன்றும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. சாந்தோமையும் அதே 1749 அக்டோபரில் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் கைப்பற்றினார். புதுச்சேரித் தலைவர் தூப்ளே அந்த ஊரைத் தம் பக்கம் வளைக்கப் பார்க்கிறார் என்பது காரணம். அங்கிருந்த அந்தோனியோ தெ நொரோஞா சுவாமியாரைப் பிடித்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினர். இவ்வாறு இரண்டு ஊர்களின் போட்டி, ஒன்று மற்றொன்றை விழுங்கியதோடு முடிந்தது.

ஊர்ப் போட்டிதான் முடிந்தது. கோவில் போட்டி இன்னும் இருநூறு ஆண்டுகள் ஓடியது. விந்தை என்னவென்றால், வெல்ல வேண்டிய ஊரும் இல்லை, வியாபாரமும் இல்லை. ஆனாலும் "நீ சாந்தோம் ஆளா, கப்புச்சின் ஆளா" என்ற கேள்வி மட்டும் நிலைத்தது. கப்புச்சின்கள் கறுப்பர் பட்டணத்தில் ஆர்மீனியன் தெருவில் தேவதூதர்களின் அன்னை ஆலயத்தை மையமாகக் கொண்டு பணியைத் தொடர்ந்தனர். 1832ல் உரோமை சென்னையைத் தனி அப்போஸ்தலிக்க விகாரியத்தாக அமைத்தது. அயர்லாந்து நாட்டு அகுஸ்தீன் சபையினரான தானியேல் ஓகானர் ஆண்டகை அதன் பொறுப்பேற்றார். 1838ல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் விடுத்த கட்டளையில் மயிலை மேற்றிராசனத்தின் அதிகாரமே நீக்கப்பட்டது. மயிலைக் குருக்கள் அதை ஏற்க மறுத்தனர். போர்த்துக்கல் அரசரின் சம்மதமின்றி அந்தக் கட்டளை செல்லாது என்பது அவர்கள் வாதம்.

மக்கள் பட்ட பாடு இங்கேதான். ஒரு தரப்புக் குரு தரும் தேவதிரவிய அனுமானங்கள் முறையானவை அல்ல என்று மறுதரப்புக் குரு பிரசங்கத்தில் சொல்வார். ஒரே வீட்டில் மாமியார் ஒரு கோவில், மருமகள் ஒரு கோவில். சாவுப் படுக்கையில் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க எந்தச் சுவாமியாரை அழைப்பது என்று வீட்டார் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் பொறுப்பை யார் ஏற்பது? இதை எழுதும் நமக்கும் குருத்துவ உடை உண்டு. ஆயினும் பீடத்தில் நின்றவர்களின் உரிமை வழக்குக்குப் பீடத்தின் கீழ் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரு தரப்பிலும் புனிதமான குருக்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. அதனால் வழக்கு நீண்டதே தவிரக் குறையவில்லை.

1886ல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் போர்த்துக்கல்லுடன் உடன்பாடு செய்து ஒரு முடிவு கண்டார். மயிலை மேற்றிராசனம் திரும்ப நிறுவப்பட்டது. அதே ஆண்டு சென்னை உயர்மறைமாவட்டம் ஆயிற்று. சண்டை ஓய்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் ஒரே நகரில் இரண்டு ஆயர்கள், இரண்டு பேராலயங்கள், இரண்டு கணக்குகள். சாந்தோமும் பரங்கிமலையும் மயிலைக்கு. ஆர்மீனியன் தெரு சென்னைக்கு. மயிலை மேற்றிராசனத்தின் மற்றொரு பகுதி வெகுதூரத்தில் தஞ்சை, நாகை வட்டாரத்தில் கிடந்தது. நமது தாத்தா பாட்டிமார் வேளாங்கண்ணிக்கு நடந்து போன காலத்தில் அந்தத் திருத்தலம் மயிலை ஆயரின் பொறுப்பில்தான் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

மயிலை ஆயர் ரீது தா சில்வா ஆண்டகை பழைய கோவிலை 1893ல் பிரித்து, கோத்திக் முறையில் இன்றுள்ள பேராலயத்தை எழுப்பி 1896ல் அபிஷேகம் செய்வித்தார். பெரிய கோபுரம் 155 அடி உயரம். கோவிலின் நடுவே எழும் சிறிய கோபுரத்தைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அது அப்போஸ்தலரின் கல்லறைக்கு நேர் மேலே நிற்கும் அடையாளம்.

நாடு விடுதலையடைந்தபின், போர்த்துக்கல் அரசு ஓர் இந்திய நகரின் ஆயரைத் தேர்ந்து சொல்வது பொருந்தாதென்பது யாவருக்கும் விளங்கியது. 1950ல் உரோமையுடன் செய்த உடன்பாட்டில் அந்த உரிமையைப் போர்த்துக்கல் விட்டுக்கொடுத்தது. கடைசிப் போர்த்துக்கீசிய ஆயரான மனுவேல் தெ மெதேய்ரோஸ் குரேய்ரோ ஆண்டகை 1951ல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மறைமாவட்டத்துக்கு மாற்றலானார். 1952 நவம்பர் 13ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இரண்டையும் இணைத்தார். தஞ்சை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. 1935 முதல் சென்னைப் பேராயராக இருந்த சலேசிய சபையினர் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை, இணைந்த உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயரானார்.

அப்போது எழுந்த கேள்வி, பேராயரின் ஆசனம் எங்கே என்பது. பணமும் கூட்டமும் பள்ளிகளும் நிறைந்த பெரிய நகரின் ஆர்மீனியன் தெருவா, மதிலிழந்து வியாபாரமிழந்து நின்ற பழைய ஊரா? ஆசனம் சாந்தோமுக்கே போயிற்று. ஆர்மீனியன் தெரு ஆலயம் இணைப் பேராலயமானது. 1956ல் சாந்தோம் பசிலிக்கா என்ற உயர்வையும் பெற்றது. 1986 பிப்ரவரி 5ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அந்தக் கல்லறையருகே முழந்தாளிட்டு ஜெபித்தார்.

ஜூபிலி யாத்திரையாகச் சாந்தோம், லஸ் பிரகாச மாதா ஆலயம், சின்னமலை, பரங்கிமலை, ஆர்மீனியன் தெரு ஆகிய ஐந்து இடங்களையும் ஒரே நாளில் தரிசிக்கப் பங்குப் பேரவை முடிவு செய்துள்ளது. பரங்கிமலை 2002 முதல் செங்கற்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே நமது திருப்பலிக்கு முன்கூட்டியே அனுமதி பெறுவோம். வழியில் சைதாப்பேட்டைப் பாலத்தருகே பத்து நிமிடம் நின்று உஸ்கானின் கல்லைப் பார்ப்போம். மாலையில் நேரமிருந்தால், வேப்பேரி சி.எஸ்.ஐ. ஆலயத்தாரின் அனுமதியுடன் அவர் கல்லறையில் ஒரு ஜெபம் சொல்லித் திரும்புவோம்.